மெடிக்கல் காலேஜ் பேட்ச் குரூப்பில் யாருமே வாய் திறப்பதில்லை, என்ன செய்வதுங்க?

வாய்க்கால்கரை எழுதியது:

வணக்கமுங்க. கொங்குப் பக்கத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். காலேஜ் பெயர் வேண்டாம், சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சொந்த ஊர் முத்தூருக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில். அப்பா தேங்காய்க் களத்தில் வேலை செய்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், என் கேள்வியே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் பேட்ச் 100 பேர். சேர்ந்த அன்றைக்கே வாட்ஸாப் குரூப் ஆரம்பித்தாயிற்று. டைம் டேபிள், அட்டெண்டன்ஸ், ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி, இவ்வளவுதான் அதில் வரும். அதற்குக் கீழே வரிசையாக 'நோட்டட் சார்', 'நோட்டட் சார்'. ஒருநாள் வேலையில்லாமல் எண்ணிப் பார்த்தேன், 41 நோட்டட். அப்புறம் சார் இல்லாத குரூப் ஒன்று. அதில் பையன்கள் மீம்ஸ் போடுவார்கள். பெண்கள் விடுதிக்கு ஒன்று, அதில் மோட்டார் போடச் சொல்லியும் இஸ்திரிப் பெட்டியைத் தேடியும்தான் மெசேஜ் வரும். கேரளாவிலிருந்து வந்தவர்களுக்குத் தனி, சென்னைக்காரர்களுக்குத் தனி. நான் மட்டும் 11 குரூப்பில் இருக்கிறேன். நான் கேட்க நினைத்ததைக் கேட்க அந்த 11-ல் ஓர் இடம் கிடையாது.

அப்படி என்ன கேட்க நினைத்தாய் என்பீர்கள். முதல் மாதம் அனாட்டமி வகுப்பில் 'ப்ராக்ஸிமல்' என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. சார் மூச்சுக்கு மூச்சு அதைச் சொல்கிறார். ராத்திரி குரூப்பில் டைப் செய்தேன், அழித்தேன். மறுபடி டைப் செய்தேன், அழித்தேன். அப்புறம் கூகுளில் பார்த்துக்கொண்டேன், உடம்பின் நடுப்பக்கத்துக்குக் கிட்டே இருப்பது என்று அர்த்தமாம். ஒரு வருடம் கழித்து ரூம்மேட் சொல்கிறாள், அதே வாரம் அவளும் அதே வார்த்தையை டைப் செய்து அழித்தாளாம்.

அதுகூடப் போகட்டும். போன செமஸ்டரில் எங்கள் மாடியில் ஒருத்தி நான்கு நாள் மெஸ்ஸுக்கு வரவில்லை. எங்களோடு எல்லா குரூப்பிலும் இருக்கிறாள், மெசேஜ் எல்லாம் பார்த்ததாகக் காட்டுகிறது. இவள் பேசியிருப்பாள் என்று அவளும், அவள் பேசியிருப்பாள் என்று இவளும் இருந்துவிட்டோம். கடைசியில் மெஸ்ஸில் சப்பாத்தி போடும் அக்காதான் கேட்டார்: "ஏனுங்கம்மிணி, அந்த 14-ஆம் நம்பர் புள்ளைக்கு மேலுக்கு முடியலீங்களா? நாலு நாளா தட்டே எடுக்கலையே." 100 பேர் இருக்கிற குரூப்புக்குத் தெரியாதது தட்டு எண்ணுகிற அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் இப்போது நன்றாக இருக்கிறாள், வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தாள். ஆனால் எங்களுக்குத்தான் அன்றிலிருந்து மனசு கேட்கவில்லை.

இன்னும் கொஞ்ச நாளில் ஜூனியர்கள் வருகிறார்கள். இரண்டு பேட்சுக்கும் சேர்த்து, ஆட்கள் நிஜமாகப் பேசுகிற மாதிரி ஓர் இடம் ஆரம்பிக்கலாம் என்று நாங்கள் நான்கு பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒருத்தி டிஸ்கார்ட் என்கிறாள். ஒருவன் டெலிகிராம் என்கிறான். வாட்ஸாப்பை விட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பது இன்னொருத்தியின் கட்சி. எனக்குப் பயம்தான் நிறைய: சீனியர் ஜூனியர் ஒரே இடத்தில் இருந்தால் ராகிங் பேச்சு வருமா, பெண்களின் நம்பர் வெளியே போகுமா, எல்லாம் இங்கிலீஷில் ஓடி என்னைப் போன்றவர்கள் மறுபடி ஓரமாக உட்காருவோமா?

ஆப்பில் என்னென்ன வசதி என்று சொல்ல வேண்டாம், அதை நானே படித்துக்கொள்வேன். இதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் எது பிழைத்தது, எது செத்தது என்று சொல்லுங்கள்.


முதல்பேட்ச் எழுதியது:

தங்கச்சி, 2022 ஜனவரி 12-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள் இல்லையா, அதில் ஒன்றின் முதல் பேட்ச் நான். நம் பக்கம் நாமக்கல், திருப்பூர், நீலகிரி மூன்றும் அந்த வரிசையில் வந்தவை. எது என்று யூகித்துக்கொள்ளுங்கள்.

முதல் பேட்ச் என்றால் சீனியர் என்று ஒரு ஜீவன் கிடையாது. எந்தப் புத்தகம் வாங்குவது, ரெக்கார்டில் எவ்வளவு படம் வரைவது, எலும்பு செட்டை யாரிடம் கடன் கேட்பது, எதற்கும் ஆளில்லை. ராகிங் இல்லை என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். நாங்கள் மட்டும் ஆளில்லாத பஸ் ஸ்டாண்டில் இறங்கிய மாதிரி நின்றோம். அதனால், நீட் கோச்சிங்கில் கூடப் படித்து மற்ற புதுக் கல்லூரிகளில் சேர்ந்த பசங்களையும் சேர்த்து டிஸ்கார்டில் ஒரு சர்வர் ஆரம்பித்தேன். சர்வர் என்றால் நமக்கென்று ஒரு தனி இடம், அதற்குள் பேச்சுக்குப் பேச்சு இருக்கிற தனி அறைதான் சேனல்.

என் முதல் தப்பைக் கேளுங்கள். திறந்த அன்றைக்கே 24 சேனல். பாடத்துக்கு ஒன்று, கிரிக்கெட்டுக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று, 'மன அழுத்தம்' என்று ஒன்று. எப்படி இருந்தது தெரியுமா? நம் ஊர்ப் பக்கம் தோட்டத்தை அழித்துக் கல் நட்டுப் போட்ட சைட் மாதிரி. ரோடு இருக்கிறது, பெயர்ப் பலகை இருக்கிறது, ஒரு வீடுகூட இல்லை. அந்த 'மன அழுத்தம்' சேனலில் கடைசி வரை ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பலகை மாட்டிய கடைக்குள் யார் நுழைவார்கள்?

மூன்றே மாதத்தில் 21 சேனலை மூடினேன். பிழைத்தது எது என்றால், நான் பெரிதாக நினைக்காத ஒன்று. ஒரு குரல் அறை. பெயர் 'திண்ணை'. ராத்திரி 9 முதல் 11 வரை யார் வேண்டுமானாலும் வரலாம், மைக்கை அணைத்துவிட்டு அவரவர் படிக்கலாம். மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மைக் போடலாம். முதல் வாரம் யாரும் பேசவில்லை, பக்கம் புரட்டுகிற சத்தமும் யாரோ ஒருவன் டீ உறிஞ்சுகிற சத்தமும்தான். இரண்டாம் வாரம் சாம்பாரைத் திட்ட ஆரம்பித்தார்கள். அப்புறம்தான் பாடம் வந்தது. உண்மையான பேச்சு எப்போதும் 10.50-க்கு மேல்தான் வரும், கிளம்பும்போது வாசலில் நின்று பேசுவோமே, அந்த மாதிரி. சராசரியாக ஏழெட்டுப் பேர்தான் இருப்போம். பரீட்சைக்கு முந்தைய வாரம் மட்டும் இருபதைத் தாண்டும். எண்ணிக்கையைப் பார்த்து மனசை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது தப்பு இன்னும் மோசம். யார் என்ன கேட்டாலும் இரண்டு நிமிடத்தில் நானே பதில் போட்டுவிடுவேன். நல்லவன் என்று பெயர். பிராக்டிகல் பரீட்சைக்காகப் பத்து நாள் நான் உள்ளே போகவில்லை, சர்வர் படுத்துவிட்டது. யாருக்கும் பதில் சொல்லிப் பழக்கமே இல்லை! அப்புறம், பதில் தெரிந்தாலும் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கற்றுக்கொண்டேன். ரொம்பக் கஷ்டம் அது.

நம்பர் கவலைக்கு டிஸ்கார்ட் நல்லது, அங்கே யாருடைய போன் நம்பரும் யாருக்கும் தெரியாது. ஆனால் வாட்ஸாப்பைக் கொல்லப் பார்க்காதீர்கள். அம்மா அப்பா இருக்கிற இடம் அது, அதை விட்டு யாரும் வரமாட்டார்கள். அறிவிப்பெல்லாம் அங்கேயே கிடக்கட்டும்.


96பேட்ச் எழுதியது:

அம்மிணி, நான் கோவையில் 1996-ல் சேர்ந்தவன். இப்போது கோபி பக்கம் கிளினிக். எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது? விடுதிக்கே ஒரு போன், அதற்கு ஒரு வரிசை. மெஸ் பெஞ்சும் டீக்கடையும்தான் எங்களுக்கு எல்லாம். அதை இப்போது கூடிக் கூடிப் பெருமை பேசுகிறோம். ஆனால் அந்த பெஞ்சில் யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பதைச் சீனியர்தான் முடிவு செய்வான், அதை யாரும் சொல்வதில்லை. 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது சும்மா வரவில்லை. அதனால் 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று உங்களிடம் யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள்.

எங்கள் பேட்சுக்கு 2014-லிருந்து வாட்ஸாப் குரூப் இருக்கிறது. தினமும் காலையில் ரோஜாப்பூ, 'இனிய காலை'. வெளியே வந்துவிடலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், எங்களில் ஒருவனுடைய அப்பாவுக்கு ராத்திரி ஒரு மணிக்கு ஆக்ஸிஜன் படுக்கை வேண்டும். குரூப்பில் போட்டான். சேலத்திலிருந்து ஒருத்தி, மதுரையிலிருந்து ஒருவன், யார் யாரோ போன் போட்டு இருபது நிமிடத்தில் கிடைத்துவிட்டது. ஏழு வருடம் ரோஜாப்பூவைப் பொறுத்துக்கொண்டதற்கு வட்டி என்று வைத்துக்கொண்டேன். இப்போது நானும் சில நாள் பூ அனுப்புகிறேன்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஜூனியர்களின் நம்பரைச் சீனியர்கள் சேகரிக்கவே கூடாது. லிங்க்கை ஒரு டியூட்டர் மூலம் கொடுங்கள், வருகிறவர்கள் அவர்களாக வரட்டும், போகிறவர்களை ஏன் என்று கேட்காதீர்கள். சீனியர்கள் குரூப் ஆரம்பித்து அதில் ஜூனியர்களைத் தொல்லை செய்தால் அதுவும் ராகிங்தான் என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2025-ல் சொல்லியிருக்கிறது. ராகிங் புகாருக்கான 1800-180-5522 எண்ணை முதல் மெசேஜாகவே மேலே மாட்டிவிடுங்கள்.

நோயாளி படம் ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது. படிப்பதற்காகத்தான் என்பார்கள். எக்ஸ்-ரேயின் மூலையில் பெயர், வயசு, ஓ.பி. நம்பர் எல்லாம் இருக்கும். நம் பக்கம் பெயரும் ஊரும் தெரிந்தால் போதாதா, பங்காளி வரை கண்டுபிடித்துவிடுவார்கள். ஆளை அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தை அனுமதியில்லாமல் பத்திரிகையில்கூடப் போடக்கூடாது என்பது 2002-லிருந்தே மருத்துவர் ஒழுக்க விதியில் இருக்கிறது. உடலை அறுத்துப் படிக்கிற டிசெக்‌ஷன் ஹாலில் போன் எடுக்கவே கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.

கடைசியாக அந்த 14-ஆம் நம்பர் அறை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒருத்தி 'இனி என்னால் முடியாது' என்று எழுதுகிறாள் என்று வையுங்கள். 40 பேர் ஹார்ட் போடுவீர்கள். அதற்குப் பதில் ஒருத்தி எழுந்து போய்க் கதவைத் தட்ட வேண்டும். எந்த மாடிக்கு யார் தட்டுவது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தட்டினவளுக்கும் வைத்தியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கூட உட்கார்ந்தால் போதும், வார்டனைக் கூப்பிட்டால் போதும். உதவி எண் 104, மனநலத்துக்கான டெலி மனஸ் 14416 இரண்டும் எந்நேரமும் தமிழில் பேசும்.


பிடிஎஃப்ராஜா எழுதியது:

டெலிகிராம்தான் பெஸ்ட். 2 லட்சம் பேர் வரை சேர்க்கலாம். எல்லா புக்கும் என்கிட்ட இருக்கு, லிங்க் வேணும்னா சொல்லுங்க.


வாய்க்கால்கரை எழுதியது:

நாங்கள் 200 பேர்தானுங்க அண்ணா. 2 லட்சம் பேருக்கு எங்கள் மெஸ்ஸில் சாம்பார் பத்தாது. லிங்க்கும் வேண்டாம், ஏற்கெனவே என் போனில் நான் திறக்காத புத்தகம் 9 ஜிபி இருக்கிறது.


டவுன்பஸ் எழுதியது:

நான் சென்னை அண்ணா நகர். கோவையில் படிக்கிறேன், மூன்றாம் வருடம். உங்கள் கேள்வியில் 'இங்கிலீஷில் ஓடி நாங்கள் ஓரமாக உட்காருவோமா' என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் ஓரமாக உட்கார்ந்த கதை வேறு.

மெடிசின் போஸ்டிங், அதாவது வார்டில் நோயாளிகளைப் பார்த்துப் படிக்கிற முறை, முதல் வாரம். 70 வயசு ஆத்தா ஒருவர். என்ன பண்ணுதுங்க என்று கேட்டேன். "நேத்துப் பொழுதோட தண்ணி வாத்துக்கிட்டு வந்தனுங்க சாமி, கிறுகிறுன்னு வந்துருச்சு" என்றார். பொழுதோட என்றால் பொழுது விடியும்போது என்று எழுதிக்கொண்டேன். தண்ணி வாத்துக்கிட்டு? எங்கள் ஊரில் தண்ணி என்றால் ஒரே அர்த்தம்தான். 'மது அருந்தும் பழக்கம் உண்டு, நேற்று விடியற்காலை அருந்தியதும் தலைசுற்றல்' என்று கேஸ் ஷீட்டில் அழகாக எழுதிவிட்டேன்.

ரவுண்ட்ஸில் சார் அதைச் சத்தமாகப் படித்தார். சிஸ்டர் சிரித்த சிரிப்பு அடுத்த வார்டுக்குக் கேட்டிருக்கும். ஆத்தா, "என்னுங்க சாமி எழுதியிருக்கறீங்க?" என்று கேட்க, சிஸ்டர் சொல்லிவிட்டார். ஆத்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். "குடிக்கறவன் எங்கூட்டுக்காரன். அவனும் போய்ச் சேர்ந்து பதினஞ்சு வருசமாச்சு. நான் குளிச்சதுக்கா கண்ணு இந்தக் கேசு?"

பொழுதோட என்றால் சாயங்காலம், தண்ணி வாத்துக்கறது என்றால் குளிக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன், பெருந்துறைப் பக்கத்துப் பையன். வகுப்பில் இரண்டு வருடமாக அவன் குரலையே நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து போஸ்டிங்கில் அவன் பக்கத்தில் இடம் பிடிக்க எங்களுக்குள் போட்டி. மாத்திரை பெயரை அவன் எங்களிடம் கேட்பான், நோயாளி சொன்னதை நாங்கள் அவனிடம் கேட்போம். உங்கள் குரூப்பில் இதை வையுங்கள். நாங்கள் வாய் திறக்கிற கேள்வி அது, உங்களிடம் பதில் இருக்கிற கேள்வி.


வாய்க்கால்கரை எழுதியது:

டவுன்பஸ் அண்ணா, ரூமில் சத்தமாகப் படித்துக் காட்டினேன், என் ரூம்மேட் கட்டிலிலிருந்து விழப் பார்த்தாள். 96பேட்ச் சார், மாடிக்கு இரண்டு பேர் என்று பேசிவிட்டோம். என் மாடிக்கு நானும் 9-ஆம் நம்பர் ரூம் பெண்ணும். முதல்பேட்ச் அண்ணா, மூன்றே அறைதான் திறக்கப் போகிறோம்: 'கேள்வி', 'திண்ணை' (பெயரைத் திருடிக்கொண்டேன்), 'ஊர்ப்பேச்சு'. நடந்ததை வந்து சொல்கிறேன்.


முதல்பேட்ச் எழுதியது:

பெயரைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். வாத்தியாரை உள்ளே விடுவதா வேண்டாமா என்ற சண்டை வரும். எங்கள் இடத்தில் ஒரு மேடம் இருந்தார், அவர் இருக்கிற சேனலில் மறுபடி 'நோட்டட் மேம்' ஆரம்பித்துவிட்டது. அவருக்கே சிரிப்பு. புகார் சொல்ல மட்டும் அவரை வைத்துக்கொண்டோம், அரட்டைக்கு வேண்டாம் என்று அவரே விலகிக்கொண்டார்.


வாய்க்கால்கரை எழுதியது (ஆறு வாரம் கழித்து):

சொன்னபடி வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

ஜூனியர்கள் வருவதற்கு முன்பே எங்கள் பேட்சுக்கு மட்டும் திறந்தோம். முதல் நாள் 'ஊர்ப்பேச்சு' அறையில் ஓட்டெடுப்பாக ஒரு கேள்வி போட்டேன். 'பாம்புக் கடி என்று வந்த நோயாளி, "பொடக்காலில கடிச்சுப் போச்சுங்க" என்கிறார். எங்கே கடித்தது? கால், முட்டி, இடுப்பு, இதை வைத்துச் சொல்ல முடியாது.' மத்தியானத்துக்குள் 64 ஓட்டு. அதில் 38 பேர் கால் என்றார்கள். ஜெய்ப்பூரிலிருந்து அகில இந்திய ஒதுக்கீட்டில் வந்த பையன் மட்டும், எனக்குத் தெரியாது, அதனால் கடைசி விடை என்று போட்டிருந்தான். அவன்தான் சரி! பொடக்காலி என்பது வீட்டுக்குப் பின்னால் குளிக்க, பாத்திரம் கழுவ இருக்கிற இடம். விறகும் ஓலையும் அங்கேதான் கிடக்கும், பாம்பும் அங்கேதான் வரும். கையில் கடித்ததா காலில் கடித்ததா என்று இனிமேல்தான் கேட்க வேண்டும். சென்னைக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள், 'கால்' என்று இருக்கிறதே, ஏமாற்றுகிறீர்கள் என்று. எங்கள் பேட்ச் ஆரம்பித்து ஒன்றரை வருடத்தில் நடந்த முதல் சண்டை. எனக்கு ஒரே சந்தோஷம்.

அதற்கப்புறம் நான் தள்ள வேண்டியிருக்கவில்லை. 'மேலுக்கு முடியலை' என்றால் உடம்புக்குத்தான், மேலே எங்கேயோ வலி இல்லை என்று ஒருத்தி எழுதினாள். 'எளப்பு வாங்குது', மூச்சு வாங்குவது. 'ஒண்ணுக்குப் போனா காந்துது', எரிச்சல். 'மருந்து குடிச்சுட்டான்' என்று அலறிக்கொண்டு வந்தால் எந்த மாத்திரை என்று கேட்டுக்கொண்டு நிற்காதே, தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தைச் சொல்கிறார்கள், ஓடு என்று ஒருவன். ஜெய்ப்பூர்ப் பையன் எல்லாவற்றையும் இந்தி எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். வார்டில் அவன் "ஏனுங்க, எளப்பு வாங்குதுங்களா?" என்று கேட்டதும் ஒரு பெரியவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டாராம்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் ஒருத்தி, 'நோட்டட் சார்' தவிர எதுவும் எழுதி நான் பார்த்ததில்லை. அவள் எழுதினாள்: 'எங்க அம்மா பல்லடம் பக்கம் நூல் மில்லுல இருந்தாங்க. திங்கக்கிழமையானா நெஞ்சு இறுகுதுன்னு சொல்லுவாங்க, லீவு முடிஞ்சு போறதுக்குச் சோம்பல்னு நாங்க கிண்டல் பண்ணுவோம்.' அவ்வளவுதான் எழுதியிருந்தாள். கம்யூனிட்டி மெடிசின் புத்தகத்தில் பிஸ்ஸினோசிஸ் என்று அரைப் பக்கம் இருக்கிறது: பஞ்சுத் தூசி, லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் நெஞ்சு இறுக்கம். அன்றைக்கு ராத்திரி திண்ணையில் 31 பேர். அவள் மைக் போட்டு அம்மாவைப் பற்றிப் பேசினாள். அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. இருந்தாலும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு வந்து காட்டு என்று நாலைந்து பேர் சொன்னார்கள், தீபாவளிக்கு அப்புறம் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

சரி, சரிப்படாததையும் சொல்ல வேண்டுமல்லவா. ராத்திரி 9 மணி பெண்கள் விடுதியில் ஆகவே ஆகாது, அப்போதுதான் ரோல் கால். பத்துக்கு மாற்றினோம். பத்து மணிக்கு ரூம்மேட் தூங்கினால் மைக் போட முடியாது, ஆகையால் பையன்கள் குரல்தான் அதிகம் கேட்கிறது. இதற்கு இன்னும் வழி தெரியவில்லை. 'பரீட்சை இங்கிலீஷில், இங்கே ஏன் தமிழ்' என்று ஒருவன் கேட்டான். நோயாளி தமிழில்தானே வருகிறார் என்று அவனுக்கு வேறொருவன் பதில் போட்டான், நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு மணி நேரம், அண்ணா!

ஒருவன் கை முறிவு எக்ஸ்-ரே ஒன்றைப் போட்டான், மூலையில் பெயர் இருந்தது. பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டேன். படிக்கத்தானே போட்டேன், நீ என்ன டீனா என்று கேட்டான். 96பேட்ச் சார் சொன்னதை அப்படியே சொன்னேன், பங்காளி கதையோடு. கோபம் தணியவில்லை. இரண்டு வாரமாக என்னைப் பார்த்தால் வேறு பக்கம் போகிறான். எடுத்தது சரிதான், எல்லோர் முன்னாலும் சொன்னது தப்போ என்று இப்போது தோன்றுகிறது.

ஜூனியர்கள் வந்து மூன்று வாரம். லிங்க்கை, சேர்ந்ததும் நடக்கிற ஃபவுண்டேஷன் கோர்ஸில் ஒரு மேடம் கொடுத்தார். 100-ல் 57 பேர் வந்திருக்கிறார்கள். 'கேள்வி' அறையில் அவர்கள் கேட்டதெல்லாம் பாடம் என்று நினைத்தால் அதுதான் இல்லை. வெள்ளைக் கோட்டு எங்கே மலிவாகத் தைக்கலாம், சைக்கிளை எங்கே பூட்டலாம், ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு. கோட்டுக்கு மட்டும் 46 பதில் வந்திருக்கிறது, தையல்காரரின் குணநலன் உட்பட.

14-ஆம் நம்பர் ரூம் பெண் ஒரு வரிகூட எழுதியதில்லை. தினமும் பத்து மணிக்குத் திண்ணைக்கு வருகிறாள், மைக்கை அணைத்துவிட்டு 11 வரை இருக்கிறாள். பத்தேகாலாகியும் அவள் பெயர் தெரியாவிட்டால் நானோ 9-ஆம் நம்பர் பெண்ணோ எழுந்து போகிறோம். இதுவரை இரண்டு தடவை போனோம். ஒரு தடவை தூங்கிக்கொண்டிருந்தாள், ஒரு தடவை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள்.

மெஸ் அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு டிஸ்கார்ட் எல்லாம் தெரியாது, ஆனால் சொல் கேட்கிறோம் என்றதும் சப்பாத்திக் கட்டையோடு உட்கார்ந்துவிட்டார். தினமும் ஒன்று கொடுக்கிறார். நேற்றுக் கொடுத்தது 'தொக்கம்'. குழந்தைக்குத் தொக்கம் எடுத்துட்டு வந்திருக்கறோம்னு சொன்னா என்ன பண்ணுவீங்க அம்மிணி என்று கேட்டார். எனக்கே பாதிதான் தெரியும். சார், நீங்கள் பார்த்திருப்பீர்களே?


96பேட்ச் எழுதியது:

பார்க்காமலா? குழந்தை சாப்பிடவில்லை, வாந்தி, இளைத்துப் போகிறது என்றால், சோறோ வேறு எதுவோ உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பார்கள். தொக்கம் எடுக்கிறவர் வயிற்றையும் தொண்டையையும் தடவியோ ஊதியோ வெளியே எடுத்ததாகக் காட்டுவார். நீங்கள் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த தடவை தொக்கம் எடுத்ததை மறைத்துவிடுவார்கள், ஹிஸ்டரி போச்சு. எப்போது எடுத்தீர்கள், வாய்க்குள் எதையாவது விட்டார்களா, அதற்கப்புறம் இருமல் வந்ததா, மூச்சு வாங்கியதா, காய்ச்சல் உண்டா என்று மெதுவாகக் கேளுங்கள். அதைவிட முக்கியம், எடுப்பதற்கு முன்னால் குழந்தைக்கு என்ன இருந்தது என்பது. எத்தனை நாளாக எடை குறைகிறது என்று அங்கேதான் தெரியும்.

மெஸ் அக்காவிடம் 'உரம் விழுந்திருக்கு', 'குடல் ஏத்தம்' இரண்டையும் கேட்டு வையுங்கள். எங்கள் பேட்ச் குரூப்பில் நாளைக்கு ரோஜாப்பூவுக்குப் பதில் உங்கள் பொடக்காலிக் கேள்வியைப் போடப் போகிறேன். எத்தனை பேர் மாட்டுகிறார்கள் பார்க்கலாம்.


டவுன்பஸ் எழுதியது:

நானும் கால் என்றுதான் போட்டிருப்பேன். 39.